அரவிந்தர் வழக்கில் கருத்து சொன்ன இருவர்... யார் இந்த 'அசெஸர்கள்'?

அரவிந்தர் என்றதும் புதுச்சேரி ஆசிரமம்தான் நினைவுக்கு வரும். ஆனா, அங்கே வருவதற்கு ஓராண்டுக்கு முன்பு, தூக்குத் தண்டனை வரை போகக்கூடிய வழக்கில் கைதிக் கூண்டில் நின்றவர் அவர்.

1872 ஆகஸ்ட் 15-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். ஏழு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜில் படித்தார். ஐசிஎஸ் எழுத்துத் தேர்வில் தேறியும் குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாததால் வேலை கிடைக்கவில்லை. 1893-ல் நாடு திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பணியாற்றினார். 1906-ல் கொல்கத்தா சென்று 'வந்தே மாதரம்' பத்திரிகையில் எழுதத் தொடங்கினார்.

என்ன வழக்கு?

1908 ஏப்ரல் 30-ல் முசாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்து வீசப்பட்ட குண்டில், ஆங்கிலேயப் பெண்கள் இருவர் பலியானார்கள். மே 2-ல் அரவிந்தர் கைதானார். தம்பி பரீந்திரர் உள்ளிட்டோருடன் சேர்ந்து அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அலிப்பூர் செஷன்ஸ் கோர்ட்டில் 200-க்கும் அதிகமான சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். அரவிந்தருக்காக வாதாடியவர் சித்தரஞ்சன் தாஸ்.

நீதிபதி பீச்கிராஃப்ட், அரவிந்தருடன் ஐசிஎஸ் தேர்வு எழுதியவர். கிரேக்க மொழித் தாளில் அரவிந்தரை விடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவரும்கூட!

அசெஸர்களின் வேலை என்ன?

இந்த வழக்கில் ஜூரி கிடையாது. நீதிபதிக்கு உதவியாக இரண்டு இந்தியர்கள் அசெஸர்களாக இருந்தார்கள். உள்ளூர் மனிதர்கள், பழக்கவழக்கங்கள் பற்றி இந்தியர்களுக்குத்தான் நல்லா தெரியும் என்பது இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். விசாரணை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் கருத்தை வாய்மொழியாகச் சொல்லணும்; அது பதிவாகும். ஆனா, 1898-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, அதை நீதிபதி ஏற்றே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. ஜூரியின் முடிவுக்கு இருந்த பலம் இதற்கு இல்லை.

1909 ஏப்ரலில், அரவிந்தர் குற்றவாளி அல்ல என்று அசெஸர்கள் சொன்னார்கள். அதோடு அவர் விடுதலையாகிவிடவில்லை. தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மே 6-ல் பீச்கிராஃப்டும் அதே முடிவுக்கு வந்த பிறகே, ஓராண்டு சிறைவாசம் முடிந்தது. அவர் வேறு மாதிரி தீர்ப்பளித்திருந்தால், அசெஸர்களின் வார்த்தை கோர்ட் பதிவேட்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

பிறகு?

1910 ஏப்ரல் 4-ல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார் அரவிந்தர். 1950 டிசம்பர் 5-ல் அங்கேயே காலமானார். ஐந்தாண்டுகள் கழித்து, 1955 சட்டத் திருத்தத்தில் அசெஸர் முறை நீக்கப்பட்டது. கருத்து கேட்பார்கள், ஆனா முடிவு அவர்கள் கையில் இருக்காது என்ற அந்த ஏற்பாடு அத்துடன் முடிந்தது.