திருமயம் கோட்டைக்கு ஏன் ஊமையன் கோட்டைனு பேர் வந்தது? யார் இந்த ஊமைத்துரை?

புதுக்கோட்டையில இருந்து காரைக்குடி போற வழியில திருமயம் வந்ததும் பஸ் ஜன்னல் பக்கம் எல்லாத் தலையும் ஒரே நேரத்துல திரும்பும். ஒரே பாறை, அதைச் சுத்தி மதில், உச்சியில ஒரு பீரங்கி. இது என்ன கோட்டைனு ஊர்க்காரங்ககிட்ட கேட்டா, வர்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: ஊமையன் கோட்டை.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைத்தான் அந்தப் பெயர் குறிக்குது. ஆனா பாஞ்சாலங்குறிச்சி எங்கே, திருமயம் எங்கே? அவருக்கும் இந்தக் கோட்டைக்கும் உண்மையிலேயே என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

கோட்டையைக் கட்டியது யார்?

1687-ல் இந்தக் கோட்டையைக் கட்டியவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி. பிறகு இது புதுக்கோட்டை தொண்டைமான்கள் கைக்குப் போனது. கட்டபொம்மன் பிறந்ததே 1760-ல்தான். அவருடைய தம்பி இந்தக் கோட்டையைக் கட்டியிருக்க வாய்ப்பே இல்லை.

அப்போ அந்தப் பெயர்? அதுக்கு ஊமைத்துரையின் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

யார் இந்த ஊமைத்துரை?

இயற்பெயர் குமாரசாமி. பேச்சு சரியாக வராததால் ஊமைத்துரை. 1959-ல் வந்த சிவாஜி படத்தால் அண்ணன் பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆனா அண்ணன் தூக்கிலிடப்பட்ட பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தூங்கவிடாமல் செய்தவர் தம்பிதான்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கட்டபொம்மன் தன் ஆட்களோடு கோட்டையை விட்டு வெளியேறி வடக்கே வந்தார். சில வாரங்களிலேயே பொன்னமராவதி பக்கத்தில் இருக்கும் திருக்களம்பூர் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டம். அண்ணன் இல்லை. கதை அங்கேயே முடிஞ்சதுனுதான் கம்பெனி நினைத்தது.

சிறையிலிருந்து தப்பியது எப்படி?

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் ஒரு விருந்தில் இருந்த நேரம். வெளியிலிருந்து வந்த ஆட்களின் உதவியோடு ஊமைத்துரையும் மற்றக் கைதிகளும் காவலை உடைத்துத் தப்பினார்கள். விறகுக் கட்டுக்குள் ஆயுதம் ஒளித்து வந்தாங்க, திருச்செந்தூர் போற பக்தர்கள் மாதிரி வேஷம் போட்டு வந்தாங்கனு தென்பாண்டி நாட்டில் இன்னும் கதை சொல்வார்கள்.

துரத்திக்கொண்டு போன கம்பெனிப் படைக்கு பாஞ்சாலங்குறிச்சியில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி எழுந்து நின்றது! ஊர் மக்கள் ஒன்றுசேர்ந்து சில நாட்களிலேயே மண் சுவரை எழுப்பியிருந்தார்கள். மார்ச் 31-ல் கம்பெனி நடத்திய தாக்குதல் தோற்றது. பெரும் இழப்போடு பின்வாங்கிய படை, கூடுதல் படையும் பீரங்கிகளும் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பேச முடியாதவர் படை நடத்தியது எப்படி?

இந்தச் சண்டையில் எதிர்த்தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி, 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி வியப்போடு எழுதியிருக்கிறார். உயரமான, ஒல்லியான, நோயாளி போலத் தெரியும் இளைஞர். ஆனா அவர் கை அசைத்தால் கூட்டமே அசையும். இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, வலது கையால் அதைத் துடைத்து எறிவார். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. மக்கள் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள்.

1801 மே 24-ல் கர்னல் அக்னியூ தலைமையிலான படை கோட்டையைப் பிடித்தது. காயம்பட்ட ஊமைத்துரை பிணங்களுக்கு நடுவே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய்தான் அவரைக் காப்பாற்றினார் என்கிறார் வெல்ஷ். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அந்த மகன், என்னை விட்டுட்டு சாமியைக் காப்பாத்துங்கனு அம்மாவிடம் சொன்னாராம். பெண்கள் ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். தேடி ஆட்கள் வந்தபோது துணியால் மூடி, பையன் அம்மை போட்டு இறந்துட்டான்னு கதறினார்கள். அம்மைக்குப் பயந்து வந்தவர்கள் ஓடிவிட்டார்கள்.



கடைசி ஆறு மாதங்கள்

உயிர் பிழைத்த ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் சிவகங்கையின் மருது சகோதரர்கள். அந்த ஜூன் மாதம்தான் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் வெள்ளையருக்கு எதிரான மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் வீழ்ந்தது. 24-ம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். திண்டுக்கல் பக்கம் போன ஊமைத்துரையும் பிடிபட்டார். 1801 நவம்பர் 16-ல், தான் மீண்டும் எழுப்பிய அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

அப்படின்னா திருமயம்?

இங்கே மூன்று விதமாகக் கதை சொல்கிறார்கள். ஒன்று, ஊமைத்துரை கட்டிய கோட்டை. அது இல்லைனு 1687 என்ற வருஷமே சொல்லிவிடும். இரண்டு, அவர் ஒளிந்திருந்து பிடிபட்ட கோட்டை. ஆனா திருமயம் அப்போது கம்பெனியின் கூட்டாளியான தொண்டைமான் கையில் இருந்தது. எதிரியின் கோட்டைக்குள்ள யாரு போய் ஒளிவாங்க? அவர் கடைசியாகப் பிடிபட்டதும் திண்டுக்கல் பக்கம்தான். மூன்று, 1799-ல் பிடிபட்ட பிறகு ஒப்படைக்கும் வரை அவரைச் சிறை வைத்திருந்த இடம். மூன்றில் கொஞ்சமாவது பொருந்தி வருவது இது ஒன்றுதான். பிடித்ததும் தொண்டைமான் ஆட்கள், கோட்டையும் தொண்டைமானுடையது.

எதுவாக இருந்தாலும் ஒரு விஷயம் யோசிக்க வைக்குது. கட்டிய சேதுபதி பெயரை மக்கள் கோட்டைக்கு வைக்கவில்லை, ஆண்ட தொண்டைமான் பெயரையும் வைக்கவில்லை. பிடித்துக் கொடுத்த சமஸ்தானத்துக்குள்ளேயே இருந்த ஜனங்கள், பிடிபட்டவர் பெயரை வைத்தார்கள். 200 வருஷமாகியும் அதை மாற்றவில்லை. திருக்களம்பூர் சம்பவத்தைச் சொல்லி இந்த வட்டாரத்தையே காட்டிக் கொடுத்த மண் என்று பேசுபவர்களுக்கு, இந்தப் பெயரே ஒரு பதில்.

போறவங்க கவனத்துக்கு

கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கு. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வாங்க, இப்போ மிஞ்சியிருப்பது நாலு. ஏறும் வழியில் பாறையைக் குடைந்து செய்த சின்னச் சிவலிங்க அறை ஒன்று உண்டு, இரும்பு ஏணி வழியா ஏறிப் பார்க்கலாம். அடிவாரத்தில் சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள் என இரண்டு குடைவரைக் கோயில்கள் பக்கத்துல பக்கத்துல இருக்கு. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

பாறை சீக்கிரமே சுட ஆரம்பிச்சிடும். அதனால காலையிலோ மாலையிலோ போங்க, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கோங்க. பொன்னமராவதி வழியா வர்றவங்க திருக்களம்பூரையும் எட்டிப் பார்த்துட்டு வரலாம். அண்ணன் பிடிபட்ட ஊரையும் தம்பி பெயரைத் தாங்கும் கோட்டையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.