நான்கு பவுண் வரம்பு: பில்லி மெரடித் என்ற சுரங்கத் தொழிலாளியின் கதை

பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணியில் யார் விளையாடுவது என்பது மைதானத்தில் தீர்மானமாவதில்லை. அது காலையில் பிரட்டுக்களத்தில் தீர்மானமாகும். வேலை நாளில் போட்டி வந்தால், விளையாடப் போகிறவருக்கு அன்றைய பேர் விழாது. ஆகவே ஒரு நாள் சம்பளத்தை இழக்கக் கூடியவரே அணியில் இருப்பார். நான்கு பிள்ளைகளின் தகப்பனான நல்ல ஆட்டக்காரர் மேல்மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருப்பார். கல்யாணமாகாத பையன்கள் கீழே பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள்.

என் சித்தப்பா அந்த அணியில் வலது கரையில் ஓடியவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு, மலையகத்திலிருந்து போன எத்தனையோ குடும்பங்களைப் போல அவரும் வன்னிக்குப் போனார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது, அதே வலது கரையில் ஓடிய இன்னொரு தொழிலாளியைக் கண்டேன். அவர் பெயர் பில்லி மெரடித். ஒரு வீரர் வாரத்துக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் வாங்கக் கூடாது என்ற விதி அவரது வாழ்க்கையையும் அவர் இருந்த அணிகளையும் புரட்டிப் போட்டது. சம்பளக் கணக்கு ஓர் அணியை எப்படிக் கட்டுகிறது, எப்படிக் கலைக்கிறது என்பதை அறிய அவரது கதையை விடத் தெளிவான கதை எனக்குத் தெரியவில்லை.

மெரடித் 1874 ஜூலை 30ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் வடக்கே சேர்க் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர் அது. பன்னிரண்டு வயதில் அவரும் சுரங்கத்துக்குள் இறங்கினார். நிலத்துக்கடியில் வண்டி இழுக்கும் குட்டைக் குதிரைகளை ஓட்டுவது அவருக்குக் கிடைத்த வேலை. எங்கள் லயங்களில் பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரங்க முதலாளிகள் சம்பளத்தைக் குறைக்க முயன்று வாயிலை மூடியதையும், தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்து நின்றதையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. 1893ஆம் ஆண்டின் பெரும் கதவடைப்பின்போது அவருக்கு வயது பத்தொன்பது.

1894இல் மன்செஸ்டர் சிற்றி கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகும் சில காலம் அவர் சுரங்க வேலையை விடவில்லை. வார நாட்களில் நிலத்துக்கடியில் வேலை, சனிக்கிழமை ரயிலேறிப் போய் ஆட்டம். மெலிந்த உடம்பு, வளைந்த கால்கள், ஆடும்போது வாயில் ஒரு பற்குச்சி. வலது கரை ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய்க் கோலுக்கு முன்னால் தூக்கிப் போடுவதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகர் இல்லை என்று சொல்லப்பட்டது. பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அந்தப் பற்குச்சியே அவருக்கு அடையாளமாயிற்று.

1901இல் அந்த விதி நடைமுறைக்கு வந்தது. எந்த வீரருக்கும் வாரத்துக்கு 4 பவுணுக்கு மேல் கொடுக்கக் கூடாது. வெற்றிக்கான ஊக்கப்பணமும் கூடாது. இதற்குச் சொல்லப்பட்ட காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. பணக்கார நகரக் கழகங்கள் நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனால் சிற்றூர்க் கழகங்கள் அழிந்துவிடும் என்றார்கள். ஆனால் இதற்கு முன்பே இன்னொரு விதியும் இருந்தது. ஒரு வீரரின் பதிவு கழகத்தின் கையில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விடுவிக்காமல் அவர் வேறு கழகத்துக்கு ஆட முடியாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கூடுதல் சம்பளமும் கேட்க முடியாது, விட்டுப் போகவும் முடியாது. வாயிலில் வசூலாகும் பணத்துக்கு மட்டும் எந்த வரம்பும் இல்லை.

வரம்பு வந்ததும் அணி சேர்க்கும் வழி மாறியது. எல்லாக் கழகமும் சட்டப்படி ஒரே சம்பளம்தான் கொடுக்கலாம் என்றால் நல்ல வீரரை எதைக் காட்டி அழைப்பது? வீடு தருகிறோம், கடை வைத்துத் தருகிறோம், உங்கள் பெயரில் நன்மைக்கான போட்டி ஒன்று நடத்துகிறோம் என்று பேரம் பேசினார்கள். பல கழகங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒன்றை எழுதி, கையில் வேறொன்றைக் கொடுத்தன. மன்செஸ்டர் சிற்றியும் அதைத்தான் செய்தது. மெரடித்துக்கு வாரம் 6 பவுண் கிடைத்தது. அப்படிச் சேர்த்த அணி 1904இல் இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றது. இறுதிப் போட்டியில் போல்ரன் அணிக்கு எதிராக விழுந்த ஒரே கோலை அடித்தவர் அணித்தலைவர் மெரடித். லீக் போட்டிகளில் அந்த ஆண்டு அவர்கள் இரண்டாமிடம்.

ஒரு வருடத்தில் எல்லாம் சரிந்தது. 1905 ஏப்ரலில் அஸ்டன் வில்லாவுடனான போட்டியில் எதிரணித் தலைவருக்கு 10 பவுண் கொடுத்து ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னார் என்று மெரடித் மீது குற்றஞ்சாட்டி, உதைபந்தாட்டச் சங்கம் அவரைத் தடை செய்தது. முதலில் அவர் மறுத்தார். பின்னர், தான் செய்தது கழகத்துக்குத் தெரிந்தே நடந்தது என்றார். அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. தடைக் காலத்தில் கழகம் சம்பளம் தர மறுத்தபோது, வரம்பை மீறிக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பற்றி அவர் வாய் திறந்தார். விசாரணை வந்தது. 1906இல் தீர்ப்பு: 17 வீரர்களுக்கு அபராதமும், 1907 ஜனவரி முதலாம் திகதி வரை தடையும். அவர்களில் எவரும் இனி அந்தக் கழகத்துக்கு ஆடவே கூடாது. முகாமையாளர் டொம் மாலியும் தலைவரும் விலக்கப்பட்டார்கள்.

கிண்ணம் வென்ற ஓர் அணி இரண்டே ஆண்டுகளில் ஏலத்துக்கு வந்தது. மன்செஸ்டரில் ஒரு விடுதியில் கழகங்களின் ஆட்கள் கூடி, தடைசெய்யப்பட்ட வீரர்களுக்கு விலை பேசினார்கள். அதே நகரத்தின் மன்செஸ்டர் யுனைட்டெட் கழகம் முந்திக்கொண்டது. மெரடித், சாண்டி டேர்ன்புல், ஹேர்பர்ட் பேர்ஜஸ், ஜிம்மி பனிஸ்டர் ஆகிய நால்வரையும் அது சேர்த்துக்கொண்டது. தடை முடிந்த 1907 புத்தாண்டு நாளிலேயே அவர்கள் புதிய சீருடையில் இறங்கினார்கள். 1908இல் யுனைட்டெட் முதன்முறையாக லீக் வெற்றியாளரானது. 1909இல் கிண்ணம். 1911இல் மீண்டும் லீக். உலகமறிந்த அந்தக் கழகத்தின் முதல் பெரிய அணி, சம்பள வரம்பை மீறியதற்காகக் கலைக்கப்பட்ட இன்னோர் அணியிலிருந்து பிறந்தது.

1907 ஏப்ரலில் யுனைட்டெட் வீரர் தோமஸ் பிளக்ஸ்டொக் இரண்டாம் அணி ஆட்டமொன்றில் பந்தைத் தலையால் முட்டிய பின் விழுந்து இறந்தார். குடும்பத்துக்கு நட்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி மன்செஸ்டர் இம்பீரியல் விடுதியில் வீரர்கள் கூடித் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மெரடித். கோரிக்கைகள் எளிமையானவை. சம்பள வரம்பை நீக்க வேண்டும், வீரர் கழகம் மாறும் உரிமை வேண்டும், காயம் பட்டவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈடு வேண்டும்.

1909இல் அந்தச் சங்கம் மற்றத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடு சேரப் பார்த்தது. உதைபந்தாட்டச் சங்கம் கொதித்தது. தொழிற்சங்கத்தை விட்டு விலகாதவர்களுக்கு விளையாட இடமில்லை என்று அறிவித்தது. பிழைப்புப் போகுமே என்ற பயத்தில் மற்றக் கழகங்களின் வீரர்கள் கையெழுத்திட்டு விலகினார்கள். யுனைட்டெட் வீரர்கள் மட்டும் அணியாக மறுத்தார்கள். கோடை முழுவதும் சம்பளமில்லாமல், சொந்த மைதானத்துக்கு வெளியே பயிற்சி எடுத்தார்கள். தங்களுக்குத் தாங்களே விலக்கப்பட்டோர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயர்ப் பலகையோடு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். எவர்ட்டன் கழகத்தின் ரிம் கோல்மனும் அவர்களோடு வந்து நின்றார்.

புதிய பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் சமரசம் வந்தது. தொழிற்சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. ஊக்கப்பணம் கொடுக்க வழி பிறந்தது. ஆனால் சம்பள வரம்பு அப்படியே நின்றது. மற்றத் தொழிற்சங்கங்களோடு சேர்வதையும் வீரர்கள் வாக்களித்துக் கைவிட்டார்கள். பாதி வெற்றிதான். மறுவருடம், 1910இல், யுனைட்டெட்டின் ஓல்ட் ட்ரபர்ட் மைதானம் திறக்கப்பட்டது. பல்லாயிரம் பவுண் செலவில் எழுந்த மைதானம் அது. வீரருக்குப் போகக் கூடாத பணம் செங்கல்லாகவும் இரும்பாகவும் எழுந்து நின்றது.

பிறகு முதலாம் உலகப் போர். 1915க்குப் பின் லீக் போட்டிகள் நின்றன. போர் ஓர் அணியை என்ன செய்யும் என்று இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெரடித்தோடு இரண்டு கழகங்களிலும் ஆடிய சாண்டி டேர்ன்புல் 1917 மே மாதம் பிரான்சில், அராஸ் போர்முனையில் கொல்லப்பட்டார்.

மெரடித் ஓயவில்லை. 1920இல், 45 வயதில், வேல்ஸ் நாட்டுக்காகக் கடைசி முறை ஆடி, லண்டனில் இங்கிலாந்தை வென்ற அணியில் இருந்தார். 1921இல் தன்னைத் துரத்திய மன்செஸ்டர் சிற்றிக்கே திரும்பினார். 1924இல் கிண்ணத்தின் அரையிறுதியில் ஆடியபோது வயது 50ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு நீண்ட காலம் ஆடியதற்கு ஆட்டத்தின் மீதான ஆசை ஒரு காரணம். வரம்புக்குள் வாங்கிய சம்பளத்தில் முதுமைக்குச் சேர்த்து வைப்பது கடினம் என்பது இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இன்றும் சம்பள வரம்பு இருக்கிறது, ஆனால் வேறு உருவத்தில். அமெரிக்க உதைபந்தாட்டமான என்எப்எல் போட்டிகளில் 1994 முதல் ஓர் அணி முழுவதற்குமான செலவுக்கு வரம்பு உண்டு. 2025 பருவத்துக்கான ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி இந்திய ரூபா. ஒரு நட்சத்திர வீரருக்குப் பெரும் தொகை போனால் மற்ற இடங்களை மலிவான இளைஞர்களால் நிரப்ப வேண்டும். நடுத்தரச் சம்பளம் வாங்கும் அனுபவசாலிதான் முதலில் கழற்றி விடப்படுவார். ஆனால் ஒரு வித்தியாசம். என்எப்எல் வரம்பு வீரர் சங்கத்தோடு பேசி ஒப்புக்கொண்டது. லீக்கின் வருமானம் கூடினால் வரம்பும் கூடும். இதற்குக் கீழே செலவிடக் கூடாது என்ற கீழ் எல்லையும் உண்டு. மெரடித்தின் காலத்து வரம்பை அவர்களிடம் கேட்காமலே விதித்தார்கள்.

எங்கள் மலைகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. பேப்பரில் சம்பளம் ஏறியது. பிரட்டுக்களத்தில் நடந்தது வேறு. பல தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன, முழுப் பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூடியது என்று தொழிலாளர் முறையிட்டார்கள். மொத்தச் செலவு கூடக் கூடாது என்று ஒரு பக்கம் முடிவு செய்துவிட்டால், யாருக்குப் பேர் போடுவது, யாரை நிறுத்துவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. சம்பளத் தொகையை மட்டும் பேசிவிட்டு, வேலை நாளையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பேசாமல் எழுந்து வரும் சங்கம் பாதியைத்தான் பேசியிருக்கிறது.

மெரடித் 1958 ஏப்ரல் 19ஆம் திகதி மன்செஸ்டரில் காலமானார். மியூனிக் விமான விபத்தில் யுனைட்டெட்டின் இளம் அணி அழிந்து இரண்டு மாதங்கள் கழிந்த நேரம். நாடு அந்தத் துக்கத்தில் இருந்தது. அவர் எதிர்த்த சம்பள வரம்பு அப்போதும் உயிரோடு இருந்தது. வீரர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணிந்த பிறகே, 1961 ஜனவரியில், அது நீங்கியது. அப்போது வரம்பு 20 பவுண். அதை நீக்க வைத்தது அவர் தலைமை தாங்கித் தொடங்கிய அதே சங்கம்.

அவரது கல்லறைக்குப் பெயர்க்கல் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2001இல்தான் வீரர் சங்கமும், வேல்ஸ் சங்கமும், அவர் ஆடிய இரண்டு மன்செஸ்டர் கழகங்களும் சேர்ந்து அதற்கு வழி செய்தன.

இந்த இடத்தைப் படித்தபோதுதான் சித்தப்பா நினைவுக்கு வந்தார். 2009இல் வன்னியில் நடந்தவற்றுக்குப் பின் அவரைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. பெயர் எழுத ஒரு கல் கூட வேண்டாம், எந்த இடம் என்று தெரிந்தால் போதும் என்று என் அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பொகவந்தலாவையில் அந்த மைதானம் இன்னும் இருக்கிறது. வலது கரையில் இப்போது யாரோ ஒரு பையன் ஓடுகிறான். அவனுக்கு அன்று பேர் விழுந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஆட்டத்தைப் பார்க்கிறேன்.