தூசிக்குக் கணக்குப் போட்டவர்



வாடிப்பட்டிப் பக்கம் களத்துல எங்க அப்பத்தா நெல் தூத்தும்போது, காத்து போற பக்கம் நின்னு திட்டு வாங்கியிருக்கேன். நெல் காலடியில் விழும். பதர் தள்ளிப் போகும். தூசி மட்டும் நேரா என் கண்ணுக்கு வரும். இந்தத் தூசிக்குக் கணக்குப் போட்டவர்தான் ப்ளஸ் ஒன் இயற்பியலில் வரும் ஸ்டோக்ஸ்.

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1819 ஆகஸ்ட் 13-ல் அயர்லாந்தின் ஸ்க்ரீன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பாதிரியார், இவர் வீட்டுக்குக் கடைக்குட்டி. 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். 1849-ல் நியூட்டன் வகித்த அதே பேராசிரியர் பதவி. 1903-ல் இறக்கும் வரை அதில் இருந்தார். சம்பளம் போதாமல் லண்டனுக்குப் போயும் பாடம் நடத்தினாராம்!

31 வருஷம் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்து, அடுத்தவங்க கட்டுரைகளைத் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்தார். எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

ஊசல் ஆடும்போது காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்று ஆராயும்போதுதான் 1851-ல் அந்த விதி வெளிவந்தது. சிறிய உருண்டை மெதுவாகப் போனால், தடை அதன் ஆரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப இருக்கும். ஆரம் பாதியானால் விழும் வேகம் கால்வாசி ஆகிடும்.

அதற்கு முன்பே, 1845-ல், காற்றும் தண்ணீரும் ஓடுவதற்கான சமன்பாட்டை எழுதிவிட்டார். பிரான்சின் நேவியர் 1822-லேயே அதைக் கண்டிருந்ததால் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. கையால் அதை முழுசாப் போட முடியாது. ரைஸ்மில்லில் காற்றாடியிலிருந்து வரும் குழாய் வாய் அகலும் இடத்தை நினைச்சுக்கோங்க. அங்கே காற்று வேகம் குறையும். தூசியோ வந்த வேகத்தில் போகப் பார்க்கும். இன்று கம்ப்யூட்டரில் அந்தக் குழாயை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றுக்கு நேவியர்-ஸ்டோக்ஸ், நுண்துகளுக்கு ஸ்டோக்ஸ் தடை என்று போடுகிறார்கள். உமி மாதிரி பெரிசுக்கு இந்த விதி அப்படியே சரிவராது, திருத்தம் வேண்டும்.

எங்க தாத்தா ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர். ராத்திரி மில்லை நிறுத்தினாலும் காலையில் தூசி அப்படியே நிற்கும் என்பார். நான் நம்பலை. நோட்டில் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைவிட இருமடங்கு அடர்த்தி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம் உள்ள தூசி, அசையாத காற்றில் 2 மீட்டர் இறங்க ஐந்தரை நிமிடம். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 9 மணி நேரத்துக்கும் மேலே!

தாத்தாவிடம் காட்டினேன். இருமிக்கொண்டே நோட்டை வாங்கிப் பார்த்தார்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்