சிறு சங்கத்தில் தோன்றிய பெருந்தொண்டு

புதிய ஊரில் குடியேறும் முஸ்லிம்கள் முதலில் தேடுவது தொழுகைக்கு ஓரிடம். அடுத்து, பிள்ளைகள் ஓதுவதற்கு ஒரு மதரஸா. பின்னர், மையவாடிக்கு நிலம். அதன்பின் குடிநீருக்கும் தெருவிளக்கிற்கும் நகராட்சியின் வாயிலை நாடுகின்றனர். 1960-களில் தொழிற்சாலைகள் பெருகிய அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் பிழைப்பை நாடிக் குடியேறியோர் இதனை நன்கறிவர். தம் தேவைக்கென ஜமாஅத்தில் சேர்ந்தவரே, நாளடைவில் பிறர் தேவைக்கென உழைப்பவராகி விடுகிறார்.

இவ்வாறு சிறிதாய்த் தொடங்கிப் பெரிதாய் வளர்ந்த வாழ்வுக்குச் சிறந்த சான்று, கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள்.

அன்னார் 1896 ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை மார்க்க ஞானம் ஊட்டி வளர்த்தவர் அன்னை. 1909-இல், பதின்மூன்று வயதுச் சிறுவராக இருந்தபோதே ஊர் இளைஞர்களைக் கூட்டி ஒரு சங்கம் கண்டார். 1920-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்ட போதும் பொதுப்பணியைக் கைவிட்டாரில்லை.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் பெருஞ்சோதனை வந்தது. தலைவர்கள் பலர் பிரிந்து சென்றனர். அச்சத்தால் ஒதுங்கியோரும் உண்டு. இயக்கத்தைக் கலைத்துவிடுவதே நலம் என்ற குரலும் ஓங்கி ஒலித்தது. தமக்கென ஏதும் வேண்டாத அப்பெருந்தகையும் அன்று ஒதுங்கியிருந்தால் குறை கூறுவார் யார்? ஆயினும், திகைத்து நின்ற மக்களைக் கைவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னை இராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

தம் சமுதாயத்தின் அளவில் அவர் தொண்டு நின்றுவிடவில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1949-இல் மொழி பற்றிய விவாதம் எழுந்தபோது தமிழின் தொன்மையை எடுத்துரைத்து அதற்காக வாதாடினார். 1962-இல் சீனப் போர் மூண்டபோது தம் ஒரே மகனை இராணுவத்திற்கு அனுப்ப முன்வந்தார். தமிழகத்தில் வாழ்ந்த அவரை, மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். பதவியைத் தேடியவருக்கன்று, நம்பிக்கையைத் தேடியவருக்குக் கிடைத்த சிறப்பு இது!

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் இறையடி சேர்ந்த அன்னார், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பதின்மூன்று வயதில் அவர் கண்டது ஒரு சிறு சங்கமே. நம் மஹல்லாவில் பாய் விரிக்கவும், மையவாடியைத் துப்புரவு செய்யவும், மனு எழுதவும் முன்வரும் இளைஞரைச் சிறுவரென எண்ணித் தள்ளிவிடலாமா? பெரியோர்களே, இன்றே அவர்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.