அணுவைப் பாடத்திட்டத்தில் சேர்த்தவர்

இந்தியாவில் அணு ஆராய்ச்சின்னு சொன்னதும் ஹோமி பாபா பெயர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் இங்கே எழுத வந்தது மேகநாத் சாகாவைப் பற்றி.

இன்றைய பங்களாதேஷில், டாக்கா பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1893-ல் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மேலே படிக்க ஒரு டாக்டர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவணும், மாட்டையும் பார்த்துக்கணும், அதுதான் நிபந்தனை! 1905-ல் கவர்னர் வருகையைப் புறக்கணித்ததற்காகப் பள்ளிக்கூடமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. கல்கத்தா ஹாஸ்டலில் சாதி சொல்லி ஒதுக்கினாங்க. அப்படி வந்தவர்தான் 1920-ல், நட்சத்திர ஒளியை வைத்தே அதன் வெப்பநிலையைக் கணக்கிட வழிசெய்யும் சமன்பாட்டைத் தந்தார்.

இதெல்லாம் பலர் எழுதியாச்சு. என்னைக் கவர்ந்தது அதற்கப்புறம் நடந்ததுதான். 1938-ல் அலகாபாத்திலிருந்து கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 1940-லேயே எம்.எஸ்ஸி. பாடத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்துட்டார். அணுவைப் பிளக்க முடியும்னு உலகத்துக்குத் தெரிந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது!

பாடம் மட்டும் போதுமா, லேப் வேண்டாமா? நேரு சொல்லி டாட்டா அறக்கட்டளை 60,000 ரூபாய் கொடுக்க, சைக்ளோட்ரான் கட்டத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து காந்தம் வந்து சேர்ந்தது. வாக்குவம் பம்ப் ஏற்றி வந்த கப்பலை ஜப்பான்காரன் மூழ்கடிச்சுட்டான். காந்தத்தின் நடுவே துகள் சுற்றிச் சுற்றி வேகம் எடுக்கணும். அறைக்குள் காற்று இருந்தால் மோதி நின்னுபோகும். பம்ப் இல்லாவிட்டால் காந்தம் வெறும் இரும்புதான். சரி, நாமே பண்ணுவோம்னு பம்ப் செய்ய உட்கார்ந்தாங்க. வேலை பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. இதற்கிடையில், இந்தியாவின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கி அங்கேயேதான் உருவானது. 1950-ல் அவருடைய அணுக்கரு இயற்பியல் நிலையத்தைத் திறந்து வைத்தவர் மேரி கியூரியின் மகள் ஐரீன்.

ஆனால் 1948-லேயே அரசு அணுசக்திக் கமிஷனை அமைத்துவிட்டது. தலைவர் பாபா. பணமும் ஆளும் பம்பாய் பக்கம் போக ஆரம்பித்தன. ஆட்களைப் பயிற்றுவிக்காமல், தொழில் அடித்தளம் இல்லாமல் கமிஷன் வைத்து என்ன பயன் என்பது சாகாவின் கட்சி. ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு நடக்கணும், ரகசியப் பூட்டு கூடாது என்றார். 1952-ல் சுயேச்சையாக நின்று ஜெயித்து மக்களவைக்கே போனார். 1954 மே 10-ம் தேதி அணுசக்தியின் அமைதிப் பயன்கள் பற்றி அங்கே விவாதம் எழுப்பினார். சபைப் பதிவேட்டில் அது இருக்கு.

பெரிய ரியாக்டரை ஒரு பல்கலைக்கழகத்தால் தாங்க முடியாதுதான். அதில் பாபா பக்கம் நியாயம் உண்டு. ஆனால் கையால் பம்ப் செய்து பழகின மாணவன் எங்கிருந்து வருவான்? அந்தக் கேள்வியில் நான் சாகா பக்கம்.

1956 பிப்ரவரி 16 அன்று, டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகிற வழியில் மாரடைப்பில் விழுந்து இறந்தார். வயது 62. அந்த நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்தான். நடப்பதோ அணுசக்தித் துறையின் பணத்தில்.