சேர் கில்பேட் வோக்கர் (1868 – 1958)

ஹெந்தளையில் வசிக்கும் மாணவருக்கு வெள்ளம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. களனி கங்கை கடலுடன் கலக்குமிடம் அருகிலேயே உள்ளது; மலைநாட்டில் பெய்யும் கனமழை இங்கேதான் வந்து சேரும். ஆனால், வரப்போகும் பருவத்தில் மழை கூடுமா, குறையுமா என்று மாதக்கணக்கில் முன்பே அறிய முடியுமா? இவ்வினாவுடன் நீண்டகாலம் போராடியவரைப் பற்றியே நீங்கள் இங்கு கற்கிறீர்கள்.

வோக்கர் இங்கிலாந்தின் றொச்டேலில் பிறந்தார். கேம்பிறிட்ஜில் 1889 இல் கணிதத்தில் முதலிடம் பெற்றார். வானிலையியலில் பயிற்சி பெறாத இவர், 1904 இல் இந்திய வானிலை அவதான நிலையங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது 1899 ஆம் ஆண்டின் நினைவு எவருக்கும் மறையவில்லை. அவ்வாண்டு பருவப்பெயர்ச்சி பொய்த்தது. தொடர்ந்த பஞ்சத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். (பஞ்சத்துக்கு மழையை மட்டும் குறை கூறுவது சரியன்று, ஆட்சியாளரின் நிவாரணக் குறைபாடுகளும் காரணமே.)

காரணத்தைத் தேடுவதற்கு முன் எண்களைத் தேடினார் வோக்கர். உலகின் பல இடங்களிலிருந்து அமுக்கம், வெப்பநிலை, மழைவீழ்ச்சி பற்றிய தரவுகளைத் திரட்டினார். கணினி இல்லாத காலம் அது. எழுதுவினைஞர்கள் பலர் அமர்ந்து கையாலேயே கணக்கிட்டனர். பசுபிக் சமுத்திரத்தில் அமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பக்கம் குறைகிறது, மறுதலையாகவும் நிகழ்கிறது என்பது அக்கணக்குகளிலிருந்து வெளிப்பட்டது. 1920களில் அதற்கு அவர் இட்ட பெயர் தென் அலைவு.

தமிழ் மாணவர் மறக்கக்கூடாத செய்தியொன்றும் உண்டு. 1913 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த சீனிவாச இராமானுஜனின் கணிதக் குறிப்புகளைக் கண்ட வோக்கர், அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். உதவித்தொகை கிடைத்தது.

1924 இல் ஓய்வுபெற்ற வோக்கர், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். தாம் கண்ட தொடர்புக்குக் காரணம் கூற அவரால் இயலவில்லை, ஐயுற்றோர் பலர். அவர் 1958 இல் மறைந்தார். 1960களில் ஜேக்கப் பியர்க்னெஸ் அதனை எல் நினோவுடன் இணைத்து விளக்கி, பசுபிக் வளியோட்டத்துக்கு வோக்கர் சுற்றோட்டம் எனப் பெயரிட்டார்.

எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இலங்கையில் மழை கூடும் போக்கு உண்டு. இங்கு பலர் பரீட்சையில் தவறு விடுவர்: போக்கு என்பது நிச்சயமன்று. 1997 இல் மிக வலிமையான எல் நினோ இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவ மழை வழமையளவாகவே பெய்தது. ஆகவே பருவகால எதிர்வுகூறல், வடிகாலைத் துப்புரவாக்கவும் நீர்த்தேக்கத்தைத் திட்டமிடவும் உதவும். வீட்டைவிட்டு எப்போது வெளியேறுவது என்பதற்கு அன்றாட வானிலை அறிக்கையும் களனியின் நீர்மட்ட அளவீடுமே வேண்டும்.