முதலாளியின் சாவிக்கொத்தும் மானேஜர் சாப்மனும்

1925-ம் ஆண்டு. லண்டன் ஆர்ஸனல் கால்பந்துக் கழகத்துக்கு மானேஜர் தேவை என்று விளம்பரம் வந்தது. ஆட்டக்காரர்களை வாங்கப் பெருந்தொகை கேட்பவர்கள் மனுச் செய்ய வேண்டாம் என்று அதிலேயே எச்சரிக்கை! கழகத் தலைவர் ஸர் ஹென்றி நாரிஸ் பொல்லாத மனிதர். பணப்பெட்டிச் சாவி அவரிடம்தான்.

அந்த வேலையில் வந்து அமர்ந்தவர் ஹெர்பர்ட் சாப்மன்; யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஹட்டர்ஸ்பீல்டு கழகத்துக்கு 1924, 1925 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் வாங்கித் தந்த கையோடு வந்தார்.

வந்ததும் ஸண்டர்லண்ட் கழகத்தின் சார்லி பக்கன் வேண்டும் என்றார். விலை 4,000 பவுன். நாரிஸ் மசியவில்லை. கடைசியில் ஏற்பட்டது ஒரு வேடிக்கையான ஒப்பந்தம்: ரொக்கம் 2,000 பவுன், முதல் ஸீஸனில் பக்கன் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுன். பக்கன் போட்டதோ 21 கோல்! கணக்கைக் கூட்டினால் 4,100 பவுன். பேரம் பேசி மிச்சம் பிடித்த லட்சணம் இது. சாப்மனுக்கென்ன, ஆள் கிடைத்துவிட்டார்.

அந்த அக்டோபரில் நியூகாஸிலிடம் 7-0 என்று படுதோல்வி. ஆப்ஸைடு விதி அவ்வாண்டுதான் மாறியிருந்தது. பழைய வியூகம் எடுபடவில்லை. நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்துத் தடுப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று பக்கன் வாதாடினார். தம்மிடம் சம்பளம் வாங்குபவர் சொல்கிறாரே என்று சாப்மன் முகம் சுளிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். அடுத்த பந்தயத்திலேயே வெஸ்ட் ஹாமை 4-0 என்று ஆர்ஸனல் வென்றது.

ஆனால் அதே மனிதர், 1927-ல் ஒரு கோப்பைப் பந்தயத்தின்போது டிரெயினர் ஜார்ஜ் ஹார்டி மைதான ஓரத்தில் நின்று தாமாகவே ஆட்டக்காரர்களுக்குக் கட்டளையிட்டதைப் பொறுக்கவில்லை. ஹார்டியின் பதவி டாம் விட்டேக்கருக்குப் போயிற்று. கொஞ்சம் கடுமையான தண்டனைதான். அறைக்குள் யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். மைதானத்தில் கட்டளை தம் ஒருவருடையது என்பதில் சாப்மன் விட்டுக்கொடுக்கவே இல்லை.

நாரிஸ் என்ன ஆனார்? கழகப் பணத்தைக் கையாண்ட விதத்துக்காக கால்பந்துச் சங்கம் அவரை விலக்கிவைத்தது. சாப்மன் நிலைத்தார். சிக்கன விளம்பரம் செய்த அதே ஆர்ஸனல், 1928-ல் டேவிட் ஜாக் என்பவருக்கு 10,000 பவுனுக்கு மேல் கொட்டிக்கொடுத்தது! 1930-ல் கோப்பை; இறுதிப் பந்தயத்தில் தோற்றது அவருடைய பழைய ஹட்டர்ஸ்பீல்டு. 1931, 1933 ஆண்டுகளில் லீக் பட்டம்.

1934 ஜனவரியில் ஜலதோஷம் கண்டது. டாக்டர் தடுத்தும் கேளாமல், கழகத்தின் மூன்றாம் அணி ஆடுவதைப் பார்க்கக் குளிரில் போனார். அது நிமோனியாவாயிற்று. ஜனவரி 6-ல் இறந்தார், வயது 55. அந்த ஸீஸனிலும் லீக் பட்டம் ஆர்ஸனலுக்கே கிடைத்தது.